ஆறு மாதம் டெக்சாஸ் போகும் அப்பா அம்மாக்களுக்கு

விசா கிடைத்து, டிக்கெட் போட்டு, சாம்பார்ப்பொடி வறுத்து அரைத்துப் பெட்டியில் வைத்தாகிவிட்டது என்றால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல் என்று நம் பக்கத்திலிருந்து டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டினுக்குப் பிள்ளைகள் போய்க் குடியிருக்கிற வீடுகள் இன்றைக்கு ஊருக்கு ஊர் இருக்கின்றன. பெற்றவர்கள் ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வருகிறார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால், “வீடெல்லாம் பெருசுங்க, ரோடெல்லாம் சுத்தமுங்க, வெயில் மட்டும் நம்மூரு மாதிரியேதானுங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. என் முதல் பயணமும் அப்படித்தான் போனது. மகள் வீடு, கோயில், கடை, திரும்ப வீடு. இரண்டாவது முறை போனபோதுதான் அந்த மாநிலம் நம்மைப் போன்ற மேட்டுக்காட்டு ஆட்களுக்கு எவ்வளவு பழகிய இடம் என்று தெரிந்தது. மாடு, பருத்தி, கிணறு, காற்றாலை, முள்வேலி என்று நாம் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் சங்கதிகள்தான் டெக்சாஸின் வரலாறே. அந்த வழியாக உள்ளே போனால் ஒன்றும் மறக்காது.

முதலில் பேரப்பிள்ளையின் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். டெக்சாஸ் பள்ளிகளில் நாலாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் அந்த மாநிலத்தின் வரலாறு பாடமாகவே இருக்கிறது. என் பேரன் அப்போது நாலாவது. சாயங்காலம் ஒரு பக்கம் அவன் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும், பதிலுக்கு நம்மூரில் அதே மாதிரி என்ன இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும், இதுதான் எங்களுக்குள் ஏற்பாடு. “அப்பச்சி, இங்க ஆறு கொடி பறந்திருக்கு” என்று அவன் ஆரம்பித்ததிலிருந்துதான் எனக்கும் ஆர்வம் பிடித்தது. பிள்ளையின் தமிழும் வளரும், உங்களுக்கும் இங்கிலீஷ் புத்தகத்தைக் கண்டு தயக்கம் இருக்காது.

அப்புறம், பரப்பளவை மனதில் சரியாக வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சனி ஞாயிறு இரண்டு நாளில் எல்லாம் பார்த்துவிடலாம் என்று திட்டம் போட்டு மருமகனைப் பாடாய்ப் படுத்துவோம். தமிழ்நாடு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். டெக்சாஸ் சுமார் 6,95,000. ஐந்து தமிழ்நாட்டை உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். மக்கள்தொகையோ 2020 கணக்குப்படி 2 கோடியே 91 லட்சம்தான், நம்மில் பாதிகூட இல்லை. கிழக்கு எல்லையில் ஏறி மேற்கு எல்லையில் இறங்க, பத்தாம் எண் நெடுஞ்சாலையில் மட்டும் சுமார் 880 மைல் ஓட்ட வேண்டும். மேற்குக் கோடியில் இருக்கும் குவாடலூப்பே சிகரம் 2,667 மீட்டர், நம் தொட்டபெட்டாவைவிட 30 மீட்டர்தான் அதிகம். அமெரிக்காவில் இதைவிடப் பெரிய மாநிலம் அலாஸ்கா ஒன்றே. அதனால் ஆறு மாதத்துக்கு நாலைந்து பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

வரலாற்றுக்கு அந்த ஆறு கொடிதான் நல்ல கொக்கி. ஸ்பெயின், பிரான்ஸ், மெக்சிகோ, டெக்சாஸ் குடியரசு, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் கூட்டமைப்பு, அமெரிக்கா. டாலஸ் பக்கத்தில் ஆர்லிங்டனில் 1961-ல் திறந்த சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காவுக்குப் பெயர் வந்ததே இதனால்தான், பேரப்பிள்ளைகள் உங்களை எப்படியும் அங்கே இழுத்துப் போவார்கள். கொடிகளுக்கெல்லாம் முன்னாலேயே அந்த மண்ணில் கேடோ, கோமான்சி, கரான்கவா என்று பல குடிகள் இருந்தார்கள். ‘டெக்சாஸ்’ என்ற பெயரே நண்பர்கள் என்று பொருள்படும் கேடோ மொழிச் சொல்லிலிருந்து ஸ்பானியர் வாயில் புரண்டு வந்தது. இன்றைக்கும் மாநிலத்தின் குறிக்கோள் சொல் ‘நட்பு’.

1685-ல் பிரெஞ்சுக்காரர்கள் கடற்கரையில் ஒரு கோட்டை கட்டினார்கள், சில வருடத்தில் அழிந்துபோனது. அதைக் கண்டு சுதாரித்த ஸ்பெயின், பாதிரிகளையும் சிப்பாய்களையும் அனுப்பிக் குடியிருப்புகள் அமைத்தது. சான் அன்டோனியோ 1718-ல் உண்டானது. 1821-ல் மெக்சிகோ விடுதலை அடைந்தபோது டெக்சாஸ் அதோடு போயிற்று. ஸ்டீவன் ஆஸ்டின் என்பவர் 300 குடும்பங்களை அமெரிக்காவிலிருந்து கூட்டிவந்து குடியமர்த்தினார், பின்னால் வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். வந்தவர்களில் பலர் பருத்திக்காரர்கள், கூடவே அடிமைகளையும் கொண்டுவந்தார்கள். மெக்சிகோ 1829-ல் அடிமைமுறையை ஒழித்தது. அதிகாரத்தையெல்லாம் தலைநகரிலேயே குவிக்க மெக்சிகோ அரசு முயன்றது, குடியேற்றத்துக்குத் தடை போட்டது, இந்த அடிமைப் பிரச்சினையும் சேர்ந்துகொள்ள, 1835-ல் சண்டை வெடித்தது.

1836-ஐ மட்டும் மாதவாரியாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மார்ச் 2 விடுதலைப் பிரகடனம். மார்ச் 6, பதின்மூன்று நாள் முற்றுகைக்குப் பிறகு சான் அன்டோனியோவின் அலமோ கோட்டை விழுந்தது, உள்ளே இருந்த ஏறத்தாழ இருநூறு போராளிகள் மாண்டார்கள். ஏப்ரல் 21, இன்றைய ஹூஸ்டன் பக்கத்தில் சான் ஹசின்டோவில் சாம் ஹூஸ்டனின் படை மெக்சிகோ படையைப் பகலில் திடீரென்று தாக்கிப் பதினெட்டே நிமிடத்தில் சண்டையை முடித்தது, மெக்சிகோவின் தலைவர் சான்டா அனா மறுநாள் பிடிபட்டார். அதன்பின் 1845 டிசம்பர் வரை டெக்சாஸ் தனி நாடு. தனிக் கொடி, தனி ஜனாதிபதி. அந்த ஒற்றை நட்சத்திரக் கொடிதான் இன்றைக்கும் மாநிலக் கொடி, வீட்டு வாசலில், பெட்ரோல் பங்கில், லாரியில் எங்கும் பார்ப்பீர்கள்.

அலமோவில் நிற்கும்போது ஒன்றை மறக்காமல் இருங்கள். வீரம் பெரியது, அதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் குடியரசு எழுதிய அரசியல் சட்டம் அடிமைமுறைக்குக் காவல் போட்டது. 1861-ல் டெக்சாஸ் அமெரிக்காவை விட்டுப் பிரிந்ததும் அதற்காகத்தான். லிங்கன் 1863 ஜனவரி முதல் தேதி விடுதலை என்று அறிவித்தும், டெக்சாஸ் அடிமைகளுக்கு அந்தச் செய்தி அதிகாரபூர்வமாக வந்து சேர்ந்தது 1865 ஜூன் 19, கால்வெஸ்டன் துறைமுகத்தில் ஒரு ராணுவ ஜெனரல் உத்தரவை வெளியிட்டபோது. இரண்டரை வருடம்! ‘ஜூன்டீன்த்’ என்று அந்த நாளைக் கறுப்பின மக்கள் கொண்டாடிவந்தார்கள். டெக்சாஸ் 1980-ல் அரசு விடுமுறையாக்கியது, நாடு முழுவதற்கும் ஆனது 2021-ல். ஜூன் மாதம் நீங்கள் அங்கே இருந்தால் அன்றைய ஊர்வலத்தைப் போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.

சரி, இனி மாடு. இதற்குத்தான் நான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

டாலஸுக்குப் பக்கத்து நகரம் ஃபோர்ட் வொர்த். அங்கே பழைய மாட்டுச்சந்தையான ஸ்டாக்யார்ட்ஸில் தினமும் பகல் பதினொன்றரைக்கும் மாலை நாலு மணிக்கும் லாங்ஹார்ன் மாடுகளைத் தெருவில் ஓட்டிப் போவார்கள், பார்க்கக் காசு கிடையாது. கால் மணி நேரம் முன்னால் போய் நிழல் பக்கமாக நின்றுகொள்ளுங்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண்ணபுரம் சந்தை ஞாபகம் வந்து தொண்டை அடைத்துவிட்டது. கொம்பு நுனிக்கு நுனி ஆறடி ஏழடி, பக்கவாட்டில் நீண்டு முனையில் மேலே திரும்பியிருக்கும். உடம்பில் கொழுப்பில்லை, நீளக் கால், காய்ந்த புல்லையும் கள்ளியையும் தின்று பிழைக்கும். ஸ்பானியர் விட்டுப்போன மாடுகள் காட்டில் தானாகப் பெருகி உருவான இனம் அது. நம் காங்கேயம் மாட்டுக்கு வறட்சி எப்படிப் பழக்கமோ அப்படி.

அந்தப் பிரிவினையால் மூண்ட உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாஸில் ஒரு மாடு நாலு டாலருக்குப் போனது, வடக்கே அதே மாடு நாற்பது டாலர். ரயில் இல்லை. அதனால் சிஷோம் பாதை வழியாக ஆயிரக்கணக்கான மாடுகளை மந்தையாக நடத்தியே கன்சாஸ் ரயிலடிக்குக் கொண்டுபோனார்கள், இரண்டு மூன்று மாத நடை. கௌபாய் என்பவன் இந்த மந்தை ஓட்டியவன்தான், அவர்களில் மெக்சிகோக்காரர்களும் கறுப்பினத்தவரும் ஏராளம். அந்த மேய்ச்சல் வெளி அதற்கு முன்னால் காட்டெருமைகளுக்கும் கோமான்சிகளுக்கும் உரியதாக இருந்தது என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். எருமைகளைத் தோலுக்காகச் சுட்டுத் தீர்த்தார்கள். 1874-ல் பாலோ டூரோ பள்ளத்தாக்கில் ராணுவம் பிடித்த குதிரைகளை ஆயிரத்துக்கு மேல் சுட்டுக் கொன்றது. குதிரை இல்லாமல், எருமை இல்லாமல், மறுவருடம் கோமான்சித் தலைவர் குவானா பார்க்கர் தன் ஆட்களோடு சரணடைந்தார்.

மந்தை நடையை முடித்துவைத்ததில் ரயிலுக்குப் பாதி பங்கு என்றால் முள்கம்பிக்குப் பாதி. 1874-ல் இல்லினாய்ஸில் ஒரு விவசாயி காப்புரிமை வாங்கிய கம்பி, பத்தே வருடத்தில் டெக்சாஸ் வெளியைக் கட்டங்கட்டமாக அடைத்துவிட்டது. தண்ணீருக்குப் போகும் வழி அடைபட்டவர்கள் ராத்திரியில் கம்பியை வெட்டினார்கள், ஆள் செத்தது, 1884-ல் வேலி வெட்டுவதைப் பெருங்குற்றமாக்கிச் சட்டமே போட்டார்கள். வேலித் தகராறு என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முள்கம்பிக்கு முன்னால் அவர்கள் என்ன வைத்தார்கள் தெரியுமா? போ டார்க் என்னும் முள்மரத்தை நெருக்கமாக நட்டு உயிர்வேலி. நம் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை வைப்பதைப் போலவே. பச்சையாகச் சுருக்கம் விழுந்த பெரிய காய் காய்க்கும், டாலஸ் பூங்காக்களில் கீழே கிடக்கும், எடுத்துப் பாருங்கள், பால் பிசுபிசுவென்று ஒட்டும்.

இன்னொரு சங்கதி. நெடுஞ்சாலை ஓரம் திமிலும் அலைதாடியுமாக வெள்ளை மாடுகள் மேயும். நம்மூர் மாடு இங்கே எப்படி என்று நீங்களே மகளிடம் கேட்பீர்கள். அது பிராமன் இனம். நெல்லூர், கிர், காங்க்ரெஜ், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளைக் கொண்டுபோய்ப் பெருக்கியது. வெயில் தாங்கும், உண்ணிக்கு அசையாது என்பதால் தெற்கு டெக்சாஸ்காரர்கள் விரும்பினார்கள். 8 லட்சம் ஏக்கருக்கு மேல் இருக்கும் கிங் பண்ணையில் இந்தப் பிராமன் ரத்தத்தைச் சீமை மாட்டோடு கலந்து சான்டா கெர்ட்ரூடிஸ் என்று புது இனமே உருவாக்கி, 1940-ல் அரசு அங்கீகாரம் வாங்கினார்கள். கொடுத்தவர்கள் நாம். இங்கே நாட்டுமாட்டைச் சினைக்கு விடப் பொலிகாளை தேடி அலைகிறோம்.

அடுத்த பயணம் மேற்கே, லபக் வரை. டாலஸிலிருந்து ஐந்தாறு மணி நேரம், மகள் “அங்கே என்னப்பா இருக்கு” என்பாள், விடாதீர்கள். அக்டோபர், நவம்பரில் போனால் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை பருத்தி வெடித்து நிற்கும். ஒரு ஆள் கிடையாது. ஒரு இயந்திரம் செடியை உருவிக்கொண்டே போய்ப் பெரிய உருண்டையாகச் சுற்றி, மஞ்சளோ ரோஸோ பிளாஸ்டிக் போர்த்திக் காட்டிலேயே உருட்டிவிட்டுப் போகும். அமெரிக்காவில் அதிகம் பருத்தி விளையும் மாநிலம் இது. நம் கருங்கண்ணியை ஓரங்கட்டிக்கொண்டு வந்ததே கம்போடியா பருத்தி, அதுவும் இந்த அமெரிக்க வகையின் வழிதான். 1861-ல் அங்கே சண்டை மூண்டு பருத்தி கப்பல் ஏறாமல் நின்றதும் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்கள் இந்தியப் பருத்திக்கு வந்து நின்றன, இங்கே விலை ஏறியது. டெக்சாஸில் துப்பாக்கி வெடித்தால் நம் கரிசல் காட்டில் பணம் புரண்ட காலம் ஒன்று இருந்திருக்கிறது.

அந்தப் பருத்திக்குத் தண்ணீர் எங்கிருந்து? ஒகலாலா என்னும் நிலத்தடி நீர்த்தொகுதி, எட்டு மாநிலங்களுக்கு அடியில் பரவியிருக்கிறது. விமானத்தில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் கீழே பாருங்கள், வயல்கள் சதுரமாக இல்லாமல் வட்ட வட்டமாகத் தெரியும். நடுவில் போர்வெல், அதைச் சுற்றிக் கால் மைல் நீளக் குழாய் சக்கரத்தில் சுழன்று தெளிக்கிறது. 1940-களுக்குப் பிறகு இறைத்த இறைப்பில் தெற்குப் பகுதியில் நீர்மட்டம் பல இடங்களில் நூறடிக்கு மேல் இறங்கிவிட்டது, மழையில் ஊறித் திரும்புவது சொற்பம். சட்டம் என்ன சொல்கிறது என்று மருமகனைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். டாலஸுக்கு வடக்கே டெனிசனில் ஒரு ரயில் கம்பெனி 66 அடிக்குக் கிணறு வெட்டி தினம் 25,000 காலன் இறைத்தது, பக்கத்தில் ஈஸ்ட் என்பவரின் 33 அடி வீட்டுக் கிணறு வற்றிப்போனது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1904-ல் தீர்ப்பு: அவரவர் நிலத்துக்கடியில் இருப்பதை அவரவர் இறைத்துக்கொள்ளலாம், பக்கத்துக் கிணறு வற்றினால் பொறுப்பில்லை. இதைப் படித்த அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. எங்கள் தோட்டத்தில் அறுபதடிக் கிணறு இருந்தது. பக்கத்தில் ஆயிரம் அடி போர் விழுந்த வருடம் அது வற்றியது. கேட்கப் போக வழியுமில்லை, கேட்க எங்களுக்கு வாயுமில்லை, அடுத்த வருடம் நாங்களும் போர்தான் போட்டோம்.

போகும் வழியில் ஸ்வீட்வாட்டர், ரோஸ்கோ ஊர்களில் வண்டியை நிறுத்துங்கள். ரோஸ்கோவில் பருத்திக் காட்டுக்குள்ளேயே 627 காற்றாலைகள், 2009-ல் முடித்தார்கள். பல்லடம், உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி நிற்கும் ஆலைகளைப் பார்த்த கண்ணுக்கு ஊர் வந்துவிட்ட மாதிரியே இருக்கும். எண்ணெய் மாநிலம் என்று பேரெடுத்த டெக்சாஸ்தான் இன்றைக்குக் காற்று மின்சாரத்திலும் அமெரிக்காவில் முதலிடம், 40,000 மெகாவாட்டுக்கு மேல். எண்ணெய்க் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: 1901 ஜனவரி 10, போமான்ட் பக்கத்தில் ஸ்பின்டில்டாப் மேட்டில் ஆயிரத்து நூறடிக்கு மேல் துளைபோட்டதும் எண்ணெய் 150 அடிக்கு மேலே பீறிட்டது, ஒன்பது நாள் அடக்க முடியவில்லை. நம் போர் ஆழம்தான். நமக்குப் புகை வரும் ஆழத்தில் அவர்களுக்கு எண்ணெய் வந்தது.

ஆஸ்டினில் தலைமைச் செயலகக் கட்டடத்தைப் பாருங்கள், செம்மண் நிறக் கருங்கல், 1888-ல் முடிந்தது, நம் கோவையில் ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய அதே வருடம். கட்டக் காசில்லாமல் அரசு 30 லட்சம் ஏக்கர் நிலத்தைக் கொடுத்துக் கட்டியிருக்கிறது. மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை, அந்தி சாயும்போது காங்கிரஸ் சாலைப் பாலத்தடியிலிருந்து லட்சக்கணக்கான வௌவால்கள் புகை மாதிரி கிளம்பும். ஹூஸ்டனில் நாசா மையத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கல்பனா சாவ்லா முதுகலை படித்தது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தில், 2003 பிப்ரவரி முதல் தேதி கொலம்பியா விண்கலம் சிதறியதும் அதே டெக்சாஸ் வானத்தில். நாசா மையத்திலிருந்து பியர்லாண்ட் மீனாட்சி கோயில் பக்கம்தான். டாலஸ் நகருக்குள் கென்னடி சுடப்பட்ட இடத்தை அரை நாளில் பார்த்துவிடலாம்.

எப்போது போவது? மார்ச் கடைசி, ஏப்ரல். சாலை ஓரமெல்லாம் புளூபானெட் நீலமாகப் பூத்துக் கிடக்கும், டாலஸுக்குத் தெற்கே என்னிஸ் ஊரில் அதற்கென்றே வழி காட்டியிருப்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரி சாதாரணம், காலை பத்து மணிக்குள் நடையை முடித்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது வேலியோரம் கவனியுங்கள். சீமைக்கருவேலத்தின் நேர் பங்காளியான மெஸ்கீட் நிற்கும், சப்பாத்திக்கள்ளி நிற்கும். இரண்டுக்கும் பிறந்த வீடு அந்தக் கண்டம்தான். குளிர்காலத்தில் போகிறவர்கள் கம்பளியும் தண்ணீர் கேனும் வீட்டில் இருப்பு வைக்கச் சொல்லுங்கள். 2021 பிப்ரவரியில் உறைபனி வந்து மின்சாரம் போய் 246 பேர் இறந்தார்கள் என்பது அரசே சொன்ன கணக்கு. டெக்சாஸின் மின்கட்டமைப்பு பெரும்பாலும் தனி என்பதால் பக்கத்து மாநிலங்களிலிருந்து வாங்கிச் சமாளிக்க வழி குறைவாக இருந்தது.

கடைசியாக சான் அன்டோனியோவில் ஒரு இடம். அலமோவைப் பார்த்த கூட்டம் அங்கேயே ஆற்றங்கரைக் கடைகளுக்குத் திரும்பிவிடும். நீங்கள் தெற்கே ஏழெட்டு மைல் எஸ்பாடா மிஷன் என்னும் பழைய பாதிரிகள் குடியிருப்புக்குப் போங்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது. பாதிரிகள் சொல்ல அந்த மண்ணின் குடிகள் வெட்டிய வாய்க்கால் அங்கே இருக்கிறது, பேர் அசேக்கியா. ஆற்றில் அணை கட்டித் தண்ணீரைத் திருப்பி, நடுவில் ஒரு ஓடை குறுக்கிட்டதால் 1740-களில் கல்லால் வளைவுப் பாலம் கட்டி அதன் தலைமேல் தண்ணீரை நடத்திக் கடத்தியிருக்கிறார்கள். இன்றைக்கும் ஓடுகிறது. பாலத்தின் பக்கத்தில் குனிந்து பேரனைத் தண்ணீரில் ஒரு இலையைப் போடச் சொன்னேன், மெதுவாக மிதந்து மறுகரைக்குப் போய்ச் சேர்ந்தது. பவானி ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி 1283-ல் முடித்ததாகச் சொல்லும் காலிங்கராயன் கதையை அங்கே உட்கார்ந்துதான் அவனுக்குச் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, “அதுலயும் இன்னும் தண்ணி ஓடுதா அப்பச்சி?” என்றான். ஓடுகிறது, லீவுக்கு வா, காட்டுகிறேன் என்றேன்.